ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸைக் கழற்றும் முன்

கேள்வி: எங்கள் பழைய டிராக்டரில் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் முன்சக்கரமே அசைகிறது. ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் அலைகிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். பவர் ஸ்டீயரிங் கிடையாது. வேறு வழி உண்டா?

பதில்: பாக்ஸும் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) தேய்ந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலும் இந்த ஆட்டம் ஒரே இடத்தில் இருக்காது. டிராக் லிங்க்கில் (பாக்ஸின் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) கொஞ்சம், டை ராட் எண்டுகளில் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனையில் உள்ள பந்து மூட்டு) கொஞ்சம், கிங் பின் புஷ்ஷில் (சக்கரம் இடம் வலம் திரும்பும் பின்னைச் சுற்றிய உறை) கொஞ்சம் என்று சேர்ந்துதான் கால் சுற்றாகிறது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை லேசாக அப்படியும் இப்படியும் அசைக்கட்டும். நீங்கள் பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஆர்மில் தொடங்கி ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலில் 'டக்'கென்று தட்டும். ஆர்ம் உடனே அசைகிறது, சக்கரம் மட்டும் தாமதமாகத் திரும்புகிறது என்றால் கோளாறு பாக்ஸுக்கு வெளியே. ஸ்டீயரிங் சுற்றியும் ஆர்ம் சும்மா இருந்தால் மட்டும் மெக்கானிக் சொல்வதை யோசிக்கலாம்.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள்) டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் ஆடினால் பேரிங், ஸ்பிண்டிலோடு (ஹப் சுழலும் தண்டு) சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். அச்சின் நடுவில் இருக்கும் சென்டர் பின்னையும் பார்த்துவிடுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: டை ராட் எண்டை நாமே மாற்றலாமா? கழற்ற வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: தாராளமாக மாற்றலாம். நட்டைக் கழற்றிய பிறகும் டேப்பர் (எண்டின் கூம்பு வடிவப் பின்) இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். மரையின் தலையில் அடிக்காதீர்கள். அந்தப் பின் நுழையும் கண் இருக்கிறதே, அதன் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அல்லது புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். ராடிலிருந்து பழைய எண்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்து, புதியதை அதே அளவு திருகுங்கள். சில ராடுகளில் ஒரு முனை இடது மரையாக (எதிர்த்திசையில் திருகுவது) இருக்கும், சுற்றும் முன் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நட்டை இறுக்கிய பிறகு காட்டர் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்திச் சரிசெய்யக் கூடாது. காட்டர் பின் புதிதாகவே போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் இங்கே வேண்டாம். பந்து மூட்டை வெல்டு வைத்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சுற்றை எண்ணிப் போட்டாலும் டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருப்பது) பார்க்காமல் விடாதீர்கள். சக்கரங்களை நேராக வைத்து, ஹப் உயரத்தில் இரண்டு முன்டயர்களுக்கும் இடையிலான தூரத்தை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் முன்னளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: பாக்ஸின் மேலே உள்ள ஸ்க்ரூவை இறுக்கினேன். ஆட்டம் போய்விட்டது, ஆனால் திருப்பும்போது பிடிக்கிறது.

பதில்: அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். பல்லில் தேய்மானம் அதிகம் விழுவது வண்டி நேராகப் போகும் இடத்தில்தான். அதனால் சக்கரம் நேராக இருக்கும்போது அட்ஜஸ்ட் செய்து, இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடித்தால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது ஆட்டமே இல்லாமல் வைத்தால் ஓரத்தில் பிடிக்கிறது என்ற நிலை வந்தால், சரி, இப்போது பாக்ஸைத் திறக்கலாம்.