துருப்பிடித்த கதவு: ஒட்டுவதா, மாற்றுவதா?

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா 1999ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. டிரைவர் பக்கக் கதவின் அடிப்பகுதிதான் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, விரலை விட்டால் உள்ளே போகிறது. போன வருடம் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தோம், மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் கொப்பளித்துவிட்டது. ஒரு டிங்கர் வெட்டி ஒட்டலாம் என்கிறார், இன்னொருவர் பழைய கதவு வாங்கி மாட்டச் சொல்கிறார். வீட்டில் காரையே தள்ளிவிடச் சொல்கிறார்கள், அப்பாவுக்கு மனசு வரவில்லை. படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஆர்., தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

ஒரு கதவுக்காகக் காரை விற்க வேண்டாம், அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒட்டுவதா மாற்றுவதா என்பதை வெளியே நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு டிங்கர்களும் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கார்க் கதவு பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் அதற்குப் பின்னால் தகடு ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் அதன் வழியாகக் கதவுக்குள் இறங்கும். பீடிங் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது வெளியேறுவதற்காகவே கதவின் அடி ஓரத்தில் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். நம் ஊரில் அந்த ஓட்டைகளை மணல் அடைத்துவிடுகிறது, கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். கதவின் அடியில் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள், அந்த மடிப்புக்குள் உப்பும் மணலும் ஈரமும் சேர்ந்து தங்கிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை இல்லாத மாதங்களிலும் மடிப்பு முழுதாகக் காய்வதில்லை. இந்தப் பக்கம் அடிக்கும் கடல்காற்று எவ்வளவு மோசமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், காரைக்குடி சிக்ரி ஆய்வகம் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை, அதாவது பேடை (pad), கழற்றுங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு வளைந்த கிளிப் இருக்கும், நீளமான பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் அது துள்ளி வெளியே வந்துவிடும் (தெறித்து எங்காவது விழுந்துவிடும், கையை வைத்துக்கொள்ளுங்கள்). உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும். அப்புறம் டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். அடைத்த ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், கம்பி போட்டால் மிச்சமிருக்கும் பெயிண்ட்டும் போய்விடும்.

அடுத்தது கீல். கதவைப் பாதி திறந்து அதன் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் பின் தேய்ந்து ஆடினால் மாற்றிக்கொள்ளலாம். கீல் பிடித்திருக்கும் தூணின் தகடே அசைந்தால் கதவை மறந்துவிட்டு முதலில் பாடி வேலையைப் பாருங்கள். கால்மிதியைத் தூக்கிவிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் படியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அது பொதபொதவென்று இருந்தால் இருக்கிற பணத்தை அங்கே போடுங்கள், கதவு காத்திருக்கும்.

உங்கள் படத்தில் கொப்புளம் அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள்தான் நிற்கிறது. உள்தகடும் கீலும் நன்றாக இருந்தால் வெட்டி ஒட்டுவதே போதும் என்பேன். ஆனால் வெட்டுவது என்றால் பளபளப்பான நல்ல தகடு தெரியும் வரை வெட்ட வேண்டும், ஓட்டையைச் சுற்றி மட்டும் வெட்டினால் பிரயோஜனம் இல்லை. கதவின் வெளித்தகடு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்தான், கேஸ் வெல்டிங்கில் நீளமாக இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, அடுத்த புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

போன வருட வேலை ஏன் நிற்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் நேராகப் பட்டி வைத்தால் ஈரத்தை இரும்போடு சேர்த்துக் கட்டி வைத்த மாதிரிதான். முதலில் துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல்தான் பட்டி. 2025ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு, அதன் மேல் எபாக்ஸி, கடைசியாக பாலிசிலாக்சேன் பெயிண்ட். 1914ல் திறந்த பழைய பாலத்தில் அரிப்பு மிஞ்சிப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. பாலிசிலாக்சேன் நமக்கு வேண்டாம், ஆனால் துத்தநாகம் கலந்த பிரைமர் கடையில் கிடைக்கிறது, வெட்டி ஒட்டிய இடத்தில் அதைக் கேட்டு வாங்கி அடிக்கச் சொல்லுங்கள்.

வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்து போயிருக்கும். பெரும்பாலான பட்டறைகளில் இதைக் கண்டுகொள்வதில்லை, வெளியே கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுத்துவிடுவார்கள், உள்ளே வெறும் இரும்பு கடல்காற்றில் நிற்கும். பேடை மாட்டுவதற்கு முன்னால் நீங்களே பக்கத்தில் நின்று, உள்ளே பிரைமர் அடித்து, காய்ந்ததும் மடிப்பு நனையும்படி மெழுகு கலந்த துருத்தடுப்பு ஆயில் விடச் சொல்லுங்கள். ஓட்டைகளை அது அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்தகட்டின் அடி முழுக்கப் போயிருந்தால் மட்டும் வேறு கதவு. அதைக் கடலோர ஊரில் வாங்காதீர்கள், மதுரை, கோயம்புத்தூர் பக்கம் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் கதவைவிட, வேறு கலரில் இருந்தாலும் கம்பெனிப் பெயிண்ட்டோடு இருப்பதே நல்லது, எதையும் மறைக்காது. ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. புதுக் கதவே கிடைத்தாலும் மேலே இருக்கும் கறுப்புப் பூச்சை நம்பி மாட்டிவிட வேண்டாம், உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பிரைமர் அடித்துத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொன்று. படத்தில் கார் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. வெயிலுக்கு அது நல்லதுதான், ஆனால் மழையில் உப்பு கழுவிப் போகவும் வழியில்லாமல் போகிறது. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கதவின் அடி ஓரத்தையும் படியையும் அலசிவிடுங்கள். வீட்டு போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவ வேண்டாம், கடல் தண்ணீரை ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான். அரிச்சல்முனை வரைக்கும் போய்விட்டு வந்தால் அன்றைக்கே அலசிவிடுங்கள்.

பேடைக் கழற்றியதும் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் எந்தப் பட்டறையிலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.