திரைப்படத்தில் வெளிச்சமும் இருளும் மனநிலையை எவ்வாறு மாற்றுகின்றன?

ஒரே அறையில் எடுத்த இரு காட்சிகளில் ஒன்று மகிழ்ச்சியும் மற்றொன்று அச்சமும் தருவது பெரும்பாலும் நிழலின் அளவால்தான். முகத்தின் மீது விழும் முதன்மை விளக்கு உண்டாக்கும் நிழலை, மறுபுறத்து நிரப்பு விளக்கு ஏறத்தாழ அழித்துவிட்டால் அது ஹை-கீ ஒளியமைப்பு. நிரப்பு ஒளியைக் குறைத்து நிழலை ஆழமாக விட்டால் அது லோ-கீ.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நண்பகலில் பாறையும் மரமும் பள்ளமும் தெளிவாகத் தெரிவதால் மனம் கவலையின்றி வேடிக்கை பார்க்கிறது; இரவிலோ, வண்டியின் முகப்பு விளக்கு காட்டும் சிறு வட்டத்துக்கு அப்பால் எதுவும் புலப்படாதபோது, தெரியாத இடத்தையெல்லாம் மனம் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டு அஞ்சுகிறது. வளைவு அதேதான், கண்ணுக்குக் கிடைக்கும் செய்திதான் குறைந்திருக்கிறது. ஹை-கீ அந்த நண்பகலைப் போன்றது, லோ-கீ அந்த இரவைப் போன்றது. அந்த ஏற்காடு சாலையில் 1930களில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்டுடியோக்களின் கறுப்பு வெள்ளைக் காலத்தில், வண்ணத்தின் துணை இல்லாததால், மனநிலையை உணர்த்துவதில் இந்த ஒளி-நிழல் வேறுபாட்டின் பொறுப்பு இன்னும் பெரிதாக இருந்தது.

லோ-கீ என்றால் போதிய விளக்கின்றிப் படம்பிடிப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஒளி பட வேண்டிய இடத்தில் அது நிறைவாகவே இருக்க வேண்டும், இல்லையேல் படம் மங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும்.