இறங்குகிற முள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலைப்பாதை பற்றியும் வண்டிகள் பற்றியும் நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நெடுநாள் ஆசைப்பட்டு, போன தீபாவளிக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டு பேர்தான் உட்காரலாம், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். ஹீட் மீட்டரின் முள் எப்போதும் நட்ட நடுவில் நிற்கும். போன வாரம் ஊட்டி வந்தபோது, நண்பர் கொடுத்த ஒரு சின்னக் கருவியை டேஷ்போர்டுக்கு அடியில் சொருகிவிட்டு செல்போனில் பார்த்துக்கொண்டே வந்தேன். மேட்டுப்பாளையத்தில் 88 டிகிரி. பர்லியார் தாண்டி 99. குன்னூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் 104, ஃபேன் பெருஞ்சத்தத்தோடு ஓடியது. திரும்பி இறங்கும்போது 81. இவ்வளவுக்கும் முள் ஒரு நூல்கூட அசையவில்லை. எது பொய் சொல்கிறது, முள்ளா, கருவியா? மெக்கானிக் எல்லாம் ஓகே என்கிறார். நண்பர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்கிறார். பச்சை கூலன்ட் நல்லதா, சிவப்பா? இந்த மாதிரி வண்டியை மலையில் ஓட்டுவதே தப்பா?

பெயர் வேண்டாம்,
கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு பஸ்ஸில் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். பர்லியாருக்கு மேலே ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஆவி. ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்திருந்தான். ஜன்னலிலிருந்து கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் கையை எடுத்துவிட்டான். வளைவில் பஸ் திரும்பிவிட்டதால் அப்புறம் என்ன ஆனது என்று தெரியாது. அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திட்டு. செல்போனில் பார்த்துக்கொண்டே வந்தேன் என்கிறீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுள்ள ரோட்டில், எதிரே அரசு பஸ் முழு அகலத்துக்குத் திரும்பி வரும் இடத்தில், கண்ணை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். இனி அந்தக் கருவியைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் கருவி வீட்டில் இருக்கட்டும்.

கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம். அதன் நிறத்தில் ஒன்றும் இல்லை, அது சாயம். வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள், இரண்டைக் கலக்காதீர்கள். மலையில் இந்த வண்டியை ஓட்டலாமா என்ற கேள்விக்கு என்னிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். உங்கள் காசு, உங்கள் ஆசை. ஓட்டுங்கள்.

முள்ளா கருவியா என்பதற்கு வருகிறேன். கருவி காட்டுவது, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் இருக்கும் சென்சார் சொன்ன எண். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எவ்வளவு சொன்னால் போதும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் முடிவெடுத்ததை முள் காட்டுகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய வண்டிகளில் முள் சென்சாரோடு நேராகச் சேர்ந்திருக்கும். ஏற்றத்தில் ஏறும், சிக்னலில் ஏறும், நல்ல காற்று அடித்தால் இறங்கும். வாங்கியவர்கள் பயந்துபோய் ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றார்கள். கம்பெனிக்காரர்கள் முள்ளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். இப்போது பல கார்களில் ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 105 வரை எதுவானாலும் முள் நடுவில்தான் நிற்கும். அதையும் தாண்டினால் சரசரவென்று சிவப்புக்கு ஓடும். அப்போது உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் கொஞ்சம். ஓட்டத் தெரிந்தவன் விரும்பி வாங்கும் வண்டியிலும் இப்படி ஒரு முள்ளை வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

உங்கள் 104 பயப்படும் எண் இல்லை. எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1,500 மீட்டர் உயரத்தை செகண்ட் கியரில் ஏறிவிட்டு நெரிசலில் நின்றால், வண்டியின் முகத்தில் அடிக்கும் காற்றும் இல்லை, சூடு ஏறத்தான் செய்யும். அதற்குத்தான் ஃபேன். அது ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் 104 நல்ல எண்ணாக இருப்பது ஒரு சின்னப் பொருளின் தயவில். ஊட்டியில் குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள், குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது. 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடாகாது. ரேடியேட்டரிலோ கூலன்ட் டேங்கிலோ இருக்கும் மூடிதான் குக்கர் வெயிட். அது உள்ளே 1 பார் வாக்கில், அதாவது சமவெளிக் காற்றின் அழுத்தம் அளவுக்கு, கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மூடியும் நன்றாக இருந்தால் சமவெளியில் 125 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், ஊட்டியில் அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக. மூடியின் ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. பழைய வண்டி வாங்கியவர்கள் மூடியை மாற்றினார்களா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்ன நண்பரிடம் இதைக் காட்டுங்கள். எஞ்சின் சீக்கிரம் சூடாகி, அந்தச் சூட்டிலேயே நிற்பதற்காக, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் வைத்த கதவு அது. எடுத்துவிட்டால் கோவையில் எண் குறைந்த மாதிரி தெரியும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் எஞ்சின் சூடேறவே ஏறாது. வண்டி இன்னும் குளிரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும், அது ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்த்துப் போகும். சில எஞ்சின்களில் அந்தக் கதவுதான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அங்கே அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி, வண்டி இன்னும் சூடாகும். தன் வண்டியில் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

ஆயில் என்றதும் ஒன்று. தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடாகும், ஆயிலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று காலையில் ஆக்சிலரேட்டரை அமுக்காதீர்கள். போர்ஷே 911 1998 வரை காற்றால் குளிரும் எஞ்சினோடுதான் வந்தது, தண்ணீரே கிடையாது. அதன் டேஷ்போர்டில் ஆயில் சூட்டைக் காட்டும் கேஜ் இருக்கும். 2000-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்3-யில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றிச் சின்ன விளக்குகள். ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும், அதுவரை அடக்கி ஓட்டு என்று பொருள். ஓட்டுகிறவனை மதித்து வைத்த விளக்குகள் அவை.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் சொன்னார், நண்பர் சொன்னார், கருவி சொன்னது. தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டேன். தம்பி, நீங்கள் கூலன்ட் டேங்கைப் பார்க்கவே இல்லை, இல்லையா?

1978 மே மாதம் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி லீவில் பெரியப்பாவின் லாரியில் தொற்றிக்கொள்வேன். இறங்கும்போது மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் முட்டைக்கோசும், ஏறும்போது சிமென்ட் மூட்டை. கிளீனருக்கு ஓரத்து சீட். எனக்கு நடுவில் எஞ்சின் மூடிமேல் மடித்துப் போட்ட சாக்கு. அதில் உட்கார்ந்தால் தொடை பொத்துப் போகும். பெரியப்பா எனக்குக் கொடுத்த வேலை ஹீட் மீட்டரைப் பார்த்துச் சொல்வது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், எண் எல்லாம் அழிந்துவிட்டது. பெரியம்மாவின் சாந்துக் குச்சியால் கண்ணாடிமேல் அவரே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். முள் அந்தக் கோட்டைத் தொட்டால் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு பர்லியார் தாண்டியதும் தொட்டது. சொன்னேன். கியரை இறக்கிக்கொண்டு, "பாத்துக்கலாம், கண்ண எடுக்காத" என்றார். எடுக்கவில்லை. இன்னும் ஒரு வளைவு போயிருப்போம். முள் திடீரென்று கீழே வந்தது. கோட்டுக்குக் கீழே, பாதிக்கும் கீழே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பெரியப்பா, இறங்கிருச்சு! நல்லா இறங்கிருச்சு!" என்று கத்தினேன்.

அவர் ஒரே ஒரு தடவை மீட்டரைப் பார்த்தார். அடுத்த நொடி லாரி மலையோரம் ஒதுங்கி எஞ்சின் நின்றுவிட்டது. "கட்டையப் போடு!" கிளீனர் அண்ணன் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த வழியில் ரோட்டின்மேல் ஒரு ஈரக்கோடு. வளைவு வரைக்கும் போய் அதற்கப்புறமும் போயிற்று. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிழிந்து அத்தனை தண்ணீரும் கொட்டியிருக்கிறது.

நான் அழுதுவிட்டேன். நல்ல சேதி சொன்னதாக நினைத்தேனே. அவர் திட்டவில்லை. குந்தி உட்கார்ந்து, ரோட்டில் கிடந்த கல்லால் தார் மேல் வரைந்து காட்டினார். "மீட்டரோட பல்பு, சூடு பாக்குற குமிழு, தண்ணிக்குள்ள முங்கியிருந்தாத்தான் சாமி சூடு சொல்லும். தண்ணி போயிருச்சுன்னா அது வெத்தா தொங்குது. அது என்னத்தச் சொல்லும்? ஏறுனா ஏன்னு கேக்கலாம். இறங்க ஒரு காரணமும் இல்லாம இறங்குச்சுன்னா கேக்காத, நிறுத்து."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர். கிளீனர் அண்ணன் இரண்டு தடவை வாளியைத் தூக்கினார், பெரியப்பா விடவில்லை. கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்டுவிடும். அவர் வலது முன்கையில் முழங்கை வரைக்கும் தோல் வெளுத்து, சுருங்கி, முடி முளைக்காத ஒரு தழும்பு உண்டு. வண்டி ஓட்டத் தொடங்கிய வருடம் சூட்டோடு மூடியைத் திறந்தது. அன்றுதான் அதை எனக்கு முதல்முதலாகத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். பஸ்ஸிலிருந்து நான் கத்தியது அந்தத் தழும்பை நினைத்துத்தான்.

கீழே பள்ளத்திலிருந்து ரயில் ஊதியது. குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா பிறகு சொன்னதும் இதேதான். நீராவி எஞ்சினில் பாய்லர் தண்ணீரைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். ஃபயர்மேன் அதைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். அடிக்கடி அதன் திருகைத் திறந்து ஊதிவிட்டு, தண்ணீர் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். அடைப்பு இருந்தால் கண்ணாடியில் தண்ணீர் தெரியும், பாய்லரில் இருக்காது. 1899-லிருந்து குன்னூருக்கு ரயில் ஏறுகிறது. காட்டும் கருவியையே சோதிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

உங்கள் வண்டியில் இது இன்னும் முக்கியம். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வண்டி நீளத்துக்குக் குழாய். தண்ணீர் மாற்றும்போது சரியாக ஏர் எடுக்காவிட்டால் எங்கேயாவது காற்று தங்கிவிடும். சென்சார் அந்தக் காற்றில் மாட்டினால் முள்ளும் கருவியும் சேர்ந்தே தப்பான எண்ணைக் காட்டும். மெக்கானிக்கிடம் "ஏர் எடுத்தீங்களா" என்று நேராகக் கேளுங்கள். முன் பம்பர் ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் சில்வர் ஓக் இலையும் யூகலிப்டஸ் இலையும் பனியில் நனைந்து அடை மாதிரி ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ளும்.

இறங்கும்போது 81 வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கியரில் பிடித்து இறங்கினீர்கள், பெட்ரோல் எரியவில்லை, காற்று அடித்தது. அந்த இறக்கம் நியாயமானது. ஏற்றத்தில் எண் விழுந்தால் பெரியப்பா சொன்னதுதான். 115-ஐ நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஜன்னலை இறக்குங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அப்படியும் ஏறினால் ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். மூடியைத் தொடாதீர்கள்.

நாளைக்குக் காலையில், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியில், கூலன்ட் டேங்கைக் கண்டுபிடியுங்கள். உங்கள் மாதிரி வண்டிகளில் அது பின்பக்கம் டிக்கிக்குள் ஒளிந்திருக்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். ஒருமுறை ஊட்டி வந்து திரும்புங்கள். மறுநாள் காலை, அதேபோல ஆறின பிறகு பார்த்துவிட்டு, தண்ணீர் கோட்டில் நிற்கிறதா, எத்தனை விரல் கீழே போயிருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.