நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்

பெருநகரம் ஒன்றை வழிகாட்டியுடன் ஒரே நாளில் நடந்து சுற்றிப் பார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், எங்கள் பதில்களும்.

கே: 20 பேர் கொண்ட குழு. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. 14 இடங்கள், மொத்தம் 12 கி.மீ. போட்டிருக்கிறேன். முடியுமா?

ப: முடியாது. மொபைல் வரைபடம் காட்டுவது தனி ஆள் மணிக்கு சுமார் 5 கி.மீ. வேகத்தில் நடக்கும் நேரத்தை. 20 பேர் சேர்ந்து போனால் சிக்னலில் நிற்பவர், படம் எடுப்பவர், ஷூ லேஸ் கட்டுபவர் என்று இழுபட்டு 3 கி.மீ. தேறினாலே நல்லது. 12 கி.மீ.க்கு 4 மணி நேரம். இடத்துக்கு 15 நிமிடம் என்றால் 14 இடங்களுக்கு மூன்றரை மணி நேரம். மதிய உணவுக்கு ஒன்றேகால் மணி நேரம். கழிப்பறைக்குப் போகும் முன்பே எட்டே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. உங்களிடம் இருப்பதோ எட்டு.

8 கி.மீ., 8 இடங்கள் என்று குறைத்துப் பாருங்கள். நடை 160 நிமிடம், இடத்துக்கு 12 நிமிடம் வீதம் 96, உணவு 75, உட்கார்ந்து இளைப்பாற 25 நிமிடம் வீதம் இரண்டு முறை, ஏதாவது ஒரு கட்டடத்தின் உள்ளே 45. கூட்டினால் 426 நிமிடம். மீதி 54 நிமிடத்தில் எதையும் திணிக்காதீர்கள். மழை, திடீர் ஊர்வலம், நுழைவாயில் வரிசை எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

மேடான நகரமாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதிப்படி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அதாவது 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். அது மலைப்பாதைக்குச் சொன்னது என்றாலும், படிக்கட்டுத் தெருக்களைத் திட்டமிடும்போதும் கைகொடுக்கிறது.

கே: ஒவ்வொரு சிக்னலிலும் குழு இரண்டாக அறுந்துபோகிறது. என்ன செய்வது?

ப: வாலின் நீளம்தான் சிக்கல். 20 பேர் ஒற்றை வரிசையில், ஆளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வந்தால் வால் ஏறக்குறைய 30 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில், முதல் ஆள் சாலையில் கால் வைத்து சுமார் 25 நொடி கழித்துத்தான் கடைசி ஆள் கால் வைப்பார். 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருக்கு இன்னும் 10 நொடி. பச்சை விளக்கு 20 நொடிதான் எரிகிறது என்றால் பாதிப் பேர் இக்கரையில்தான்.

ஆகவே விளக்கு பச்சையாக இருப்பதைப் பார்த்து ஓடாதீர்கள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை விட்டுவிடுங்கள். நடைபாதையில் எல்லோரையும் நெருக்கமாகத் திரட்டி, அடுத்த பச்சை விழுந்ததும் நான்கு நான்கு பேராக ஒரே மூச்சில் கடக்கவையுங்கள். எதிர்ப்புறம் சேர்ந்ததும் வழிகாட்டி குறைந்தது பத்து மீட்டராவது முன்னால் போய் நிற்க வேண்டும். கரையேறிய இடத்திலேயே நின்றால் பின்னால் வருபவர்கள் சாலையில் தேங்கிவிடுவார்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கடைசியில் வர ஒருவரை நியமியுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

கே: வழிகாட்டி பேசுவது பின்வரிசைக்குக் கேட்பதில்லை என்கிறார்கள்.

ப: திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. தொண்டையை வருத்துவதை விட நிற்கும் இடத்தை மாற்றுவது மேல். முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே அரைவட்டமாகக் குழு. சுவரில் பட்ட குரலும் முன்னோக்கி வரும். வெயில் வழிகாட்டியின் முகத்தில் விழட்டும், கேட்பவர்களின் கண்ணில் விழக் கூடாது. குழுவின் முதுகு சாலைப் பக்கம் இருக்கும் என்பதால் நடைபாதை அகலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரமான கட்டடத்தைக் காட்டும்போது அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். 30 மீட்டர் கோபுரம் என்றால் 60 மீட்டர் தள்ளி நின்றால் கழுத்து நோகாமல் முழுதாகத் தெரியும். அங்கே பேசி முடித்துவிட்டு, பிறகு அருகில் போய் ஒரு செதுக்கலையோ ஒரு கதவையோ மட்டும் காட்டுங்கள். கேட்டதைக் கண்ணால் தேடிப் பிடிக்கும்போதுதான் மனதில் தங்குகிறது.

20 பேருக்கு மேல் போனால் காதில் மாட்டும் ரிசீவர் நல்லது. ஒரு எச்சரிக்கை: தூரத்திலிருந்தும் குரல் கேட்பதால் ஆட்கள் தம்மை அறியாமல் விலகிப்போவார்கள். கிளம்பும் ஒவ்வொரு முறையும் தலை எண்ணுங்கள்.

கே: குழுவில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். தூரத்தைப் பாதியாக்க வேண்டுமா?

ப: பலருக்கு நடையை விட நிற்பதுதான் கஷ்டம். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். நின்று கேட்பது பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒரு இடமாவது உட்கார வசதி உள்ளதாக இருக்கட்டும். முழங்கால் வலி இருப்பவருக்குப் படி ஏறுவதை விட இறங்குவதே பெரும்பாலும் கடினம். ஏறப் படியும் இறங்கச் சரிவுப்பாதையோ லிஃப்ட்டோ அமையும்படி வழியின் திசையைத் திருப்பிப் போடுங்கள். வழியின் மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் ரயில் அல்லது பேருந்து நிலையம் வந்தால், களைத்தவர் அங்கேயே விடைபெறலாம்.

கழிப்பறைக்கும் கணக்கு உண்டு. 20 பேர், இரண்டே அறைகள், ஆளுக்கு இரண்டரை நிமிடம் என்றால் 25 நிமிடம். இளைப்பாறும் இடத்திலேயே கழிப்பறையும் இருந்தால் அந்த நேரம் தனியாகப் போகாது.

கே: முன்கூட்டியே எத்தனை முறை நடந்து பார்க்க வேண்டும்?

ப: இரண்டு முறை. முதல் நடை வழிக்கு. இரண்டாவது, சுற்றுலா நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில். ஞாயிறு காலியாகக் கிடக்கும் சந்து புதன்கிழமை சரக்கு வண்டிகளால் அடைபட்டிருக்கும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, சிலவற்றுக்குச் செவ்வாய். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் முற்பகலில் கிழக்கு நடைபாதையிலும், பிற்பகலில் மேற்கு நடைபாதையிலும் கட்டட நிழல் விழும். எந்தப் பக்கம் நடப்பது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சில நகரங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டி மட்டுமே குழுவுக்கு விளக்கலாம். அதையும் விசாரித்துவிடுங்கள்.

கே: யாராவது தொலைந்துவிட்டால்?

ப: காலையிலேயே சொல்லிவிடுங்கள்: "குழு கண்ணில் படவில்லை என்றால் தேடி அலைய வேண்டாம், கடைசியாக நின்று பேசிய இடத்துக்குப் போய் நில்லுங்கள்." இருவரும் மாறி மாறித் தேடும்போதுதான் அரை மணி நேரம் வீணாகிறது. வழிகாட்டி குழுவோடு இருக்க, கடைசியில் வருபவர் மட்டும் திரும்பிப் போய் அழைத்து வரட்டும். வழிகாட்டியின் எண்ணைக் காகிதச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, படம் எடுத்தே பல மொபைல்களில் சார்ஜ் தீர்ந்திருக்கும்.