கேட்டைத் தாண்டி ஓடும் நாய்க்குக் கருத்தடை செய்யலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ஆண், வயது 14 மாதம், எடை 34 கிலோ. கேட் திறந்தால் போதும், தெருவுக்கு ஓடிவிடுகிறான். போன மாதம் ஓடியவன் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தான். சோபா கால், கதவு ஓரம் எல்லாம் சிறுநீர். பால்காரரைக் கண்டால் குரைத்துக்கொண்டே பின்வாங்குகிறான். அவர் திரும்பி நடந்ததும் பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்வுகிறான். கருத்தடை செய்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் என் கணவர். "காயடிக்கிறது பாவம், ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. ஓடுவதற்குக் கருத்தடை உதவும். கடிப்பதற்கு உதவாது, சில நாய்களில் கூடுதலாகவும் ஆகலாம். எனவே அறுவையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த மாதமே வேண்டாம்.

தெருவில் ஒரு பெண் நாய் ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வந்தால் அந்த வாடை வெகுதூரம் போகும். உங்கள் பையன் கேட்டைத் தாண்டுவது பெரும்பாலும் அதற்காகத்தான். விரைகளை எடுத்ததும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சில நாட்களிலேயே வடிந்துவிடும். பழக்கம் மாறச் சில வாரமோ மாதமோ பிடிக்கும். ஓட்டம் பெரும்பாலான நாய்களில் நன்றாகவே குறைகிறது. வீட்டுக்குள் சிறுநீர் விடுவதில் அவ்வளவு உறுதி சொல்ல முடியாது. காலைத் தூக்கிக் கொஞ்சமாக, செங்குத்தான பரப்பில் அடித்தால் அது எல்லை குறிப்பது, குறைய வாய்ப்புண்டு. தரையில் குளமாக விட்டால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். விட்ட இடத்தைப் பினாயிலால் துடைக்காதீர்கள். அது வாடையை மறைக்குமே தவிர நீக்காது, நாய்க்கும் ஆகாது. என்சைம் உள்ள சலவைத்தூளைக் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இனி பால்காரர் விஷயம். பின்வாங்கிக் குரைப்பதும், முதுகு திரும்பியபின் பாய்வதும் பயந்த நாயின் கடி. உள்ளபடியே தைரியமான நாய் எதிரே நின்று மோதும். பயம் விரையால் வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கும் கொஞ்ச நஞ்சத் துணிச்சலும் போனால், சில நாய்கள் இன்னும் மிரளும். அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். இரண்டு மூன்று மாதம் இதற்கு ஒதுக்குங்கள். பால் வரும் நேரத்துக்கு முன்பே அவனை உள் அறையில் அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு கவ்வலும் அவனுக்குப் பயிற்சிதான், "கடித்தேன், ஆள் போய்விட்டான்" என்று கற்றுக்கொள்கிறான். பிறகு, அவர் நிற்பது தெரிந்தும் இவன் குரைக்காத தூரம் எதுவென்று பாருங்கள். அங்கே சங்கிலியில் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணில் படுகிற நேரம் முழுக்க வேகவைத்த கோழித்துண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அவர் மறைந்ததும் நிறுத்துங்கள். தூரத்தை வாரக்கணக்கில், மெல்லக் குறையுங்கள். அடிப்பதும் அதட்டுவதும் பயத்தைக் கூட்டும். வாய் திறந்து மூச்சு வாங்க வசதியுள்ள கூடை மாதிரி முகமூடியையும் இப்போதே பழக்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேதி தவறவே கூடாது. கவ்வலில் பால்காரருக்குத் தோல் கிழிந்திருந்தால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அவர் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகட்டும்.

மாமனாரின் ஜோடி யோசனை வேண்டாம். ஒருமுறை சேர்ந்த ஆண் நாய் அடங்காது, இன்னும் தேடும். தெருவில் சேர்வதால் வரும் பால்வினைக் கட்டி நம் ஊரில் சர்வசாதாரணம். கட்டியின் உயிரணுக்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். குறியின் உறைக்குள் காலிஃபிளவர் போல வளரும், முனையில் ரத்தம் சொட்டும். இரண்டு நாள் காணாமல் போனவன் என்பதால் அடுத்த சில மாதங்களுக்கு அடிக்கடி உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். வந்தாலும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வாரம் ஓர் ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். பாவம் பற்றி அவரிடம் ஒன்று சொல்லலாம்: வாடை வந்தும் போக முடியாமல், சாப்பிடாமல் ஊளையிட்டுக்கொண்டு கிடப்பதும் அந்த நாய்க்குச் சுகமான வாழ்க்கை இல்லை.

ஒரு காரியம் இன்றைக்கே செய்யுங்கள்: விரைப்பையைத் தடவி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வயதில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றது வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்டது. அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. அப்போது செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை.

வயதைப் பொறுத்தவரை உங்களுக்குச் சாதகம். வளர்ச்சி முடியுமுன் விரையை எடுத்தால் எலும்பு முனைகள் தாமதமாக மூடும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுச் சிக்கல் கூடுவதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். 14 மாத லாப்ரடார் அந்தக் கட்டத்தைத் தாண்டியவன். தள்ளிப்போடுவதில் நட்டமும் பெரிதில்லை. விரைக் கட்டியும் புராஸ்டேட் வீக்கமும் பொதுவாக நடுவயதுக்கு மேல்தான் வரும். புராஸ்டேட் புற்றுநோயை மட்டும் கருத்தடை தடுக்காது. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். சிறுநீரகம், கல்லீரலோடு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமலே உடம்பில் இருக்கும். நாய் ஓடும், ஆடும், ஆனால் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே கிடக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். எர்லிக்கியா (உண்ணிக் காய்ச்சல் கிருமி) என்று தெரிந்தால் நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை, அறுவை அதற்கப்புறம். கட்டணம் கேட்கும்போது அதில் மயக்கத்துக்குக் குழாய் போடுவது, நரம்பில் சலைன், வலி ஊசி எல்லாம் அடக்கமா என்றும் கேளுங்கள்.

முந்தின இரவு எட்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். காலையில் "பாவம், பசிக்குமே" என்று யாராவது பிஸ்கட் கொடுத்தால், மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகலாம். அதில் நாய் செத்தும் போயிருக்கிறது. முதல் நாளே குளிப்பாட்டிவிடுங்கள், பிறகு தையல் பிரியும் வரை தண்ணீர் படக்கூடாது.

விரைப்பைக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு சிறு வெட்டு. அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை. கெடுவதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். நாய் மறுநாளே தெளிந்து சோபாவில் தாவும், உள்ளே ரத்தம் கசிந்து காலிப் பை வீங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் படி ஏறக்கூடாது, தாவக்கூடாது. சங்கிலியில் கட்டிச் சிறுநீருக்கு மட்டும் கூட்டிப்போங்கள். கழுத்துக் கூம்பு இரவிலும் இருக்கட்டும். பகலெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ராத்திரி மூன்று மணிக்குத் தையலை நக்கிப் பிரிக்கிற நாய்கள்தான் அதிகம். வலி என்று வீட்டிலுள்ள இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைத் தரவே வேண்டாம். குடலில் புண் வரும், சிறுநீரகம் போகும். இரண்டு மூன்று நாள் லேசான வீக்கம் இயல்பு. வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, ரத்தம் சொட்டினாலோ, ஈறு வெளுத்தாலோ, மறுநாளும் சாப்பிடாவிட்டாலோ உடனே கூட்டிப்போங்கள்.

காயம் ஆறியதும் சாப்பாட்டில் கால் பங்கு குறையுங்கள். 400 கிராம் நாய்த்தீனி போடுகிறீர்கள் என்றால் இனி 300. சோறும் கோழியும் என்றாலும் அதே கணக்குதான். விரை போனால் பசி கூடும், செலவாகும் சக்தி குறையும். போதாக்குறைக்கு லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வயிறு நிறைந்தது தெரியாத மரபணுக் கோளாறு இருப்பதாக 2016இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கெஞ்சும் கண்ணைப் பார்த்து அளக்காதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள்.

கேட்டுக்கு உள்பக்கம் இன்னொரு கதவு போட முடிந்தால் இப்போதே போடுங்கள். அறுவை முடிந்தபின்னும் குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரம் வரை குட்டி உண்டாக்க முடியும். ஆறு வாரமாவது ஹீட்டில் உள்ள பெண் நாய் பக்கம் விடாதீர்கள்.