அவள் என்ன சொன்னாள்?

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை நீண்ட நாளாக வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி அல்ல, மன்னிக்கவும். கனடாவில் இருக்கும் என் அண்ணாவுக்கு வருகிற வருடம் அறுபது வயது. குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து நான்கு இரவு உல்லாசக் கப்பலில் போகத் திட்டம் போட்டிருக்கிறார். எங்கள் மூன்று பேருக்கும் அவரே காசு கட்டுகிறார். எனக்கு விருப்பமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. 2009 மாசியில் காயப்பட்ட அம்மாவை மாத்தளனில் இருந்து கப்பலில் ஏற்றி அனுப்பினோம். கப்பல் என்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான். மகளுக்கு இருபது வயது, கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் விவசாயம் படிக்கிறாள். விடுதி கிடைத்தது, நான் விடவில்லை. விசுவமடுவில் இருந்து பஸ்ஸில்தான் போய் வருகிறாள். அண்ணாவின் மகளும் இவளும் ஓர் அறையில் இருக்கட்டும் என்று அண்ணா சொல்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே அறை எடுத்தால் செலவும் குறைவுதானே? எந்த உடுப்புக் கொண்டுபோவது? சாப்பாடு ஒத்துவருமா? சத்தி வருமா? எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது தேவையா, ஊர்ச்சனம் என்ன சொல்லும்? வெள்ளிக்கிழமைக்குள் அறைக்கு முற்பணம் கட்ட வேண்டுமாம்.

வாசகி, விசுவமடு

தங்கச்சி,

போன கிழமை முழங்காவிலில் இருந்து யாழ்ப்பாணம் போனபோது பஸ் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியது. 2011இல் திறந்த பாலம், கடக்க ஒரு நிமிடமும் எடுக்காது. பக்கத்தில் இருந்த பெடியன் போனில் இருந்து தலை நிமிரவில்லை. நான் கிழக்குப் பக்கமாகக் கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயாவின் சால்வை நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த நினைவு போகவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். என் பெறாமகன் ஒருவன் இப்படியான கப்பலில் மூன்று வருடம் அறை துப்புரவு செய்தவன். அவனிடம் கேட்டு எழுதுகிறேன். உடுப்பு வீட்டில் இருப்பது போதும். ஓர் இரவு வடிவாக உடுத்துக்கொண்டு சாப்பிட வரச் சொல்வார்கள், உங்களிடம் சேலை இருக்கிறது. சோறு கறி கிடைக்கும், மரக்கறி என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சத்திக்குப் பயந்தால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையாகக் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

காசுக் கணக்கில் நீங்கள் சொன்னது சரி. இந்தக் கப்பல்களில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் தலைக்கு விலை போடுவார்கள். அதே அறையில் மூன்றாவது ஆள் படுத்தால் அவருக்கு அநேகமாகக் குறைவு. ஆனால் அந்த மூன்றாவது கட்டில் பகலில் சுவரோடு அல்லது கூரையோடு மடிந்து கிடக்கும், இரவில்தான் இறக்கி விடுவார்கள். யன்னல் இல்லாத சாதாரண உள்ளறை 150, 160 சதுர அடி வரும். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளில் ஓர் அறை இருக்கிறதே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள்ளேயே குளியலறையும். நாளுக்கு இவ்வளவு என்று தலைக்குத் தலை சேவைக் கட்டணம் வேறு வாங்குவார்கள். போனுக்கு இன்டர்நெற் தனிக்காசு. இதெல்லாம் அண்ணா காட்டிய விலைக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பிறகு கப்பலில் வைத்து முழிப்பதைவிட அது நல்லது.

பாஸ்போட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்குச் சுற்றுலாவாகக் கொஞ்ச நாள் போக எங்கள் பாஸ்போட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. ஆனால் கப்பல் அங்கேயே நிற்காது. நடுவில் எந்தெந்த நாட்டுத் துறைமுகத்தைத் தொடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அண்ணாவின் கனேடியப் பாஸ்போட்டுக்குத் திறக்கிற கதவெல்லாம் உங்களுக்குத் திறக்காது. இதை அவர் மறந்திருக்கக்கூடும். முற்பணம் கட்டும் முன்னர் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அம்மாவை அனுப்பிய கப்பலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசித்தேன். செஞ்சிலுவைக் கப்பல் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்க, காயக்காரரை மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுபோனதைக் கண்ட ஆட்களுக்கு, கப்பல் என்ற சொல்லே வேறு. மாசி 10இல் இருந்து வைகாசி 9 வரைக்கும் 13,000க்கு மேற்பட்ட காயக்காரரும் அவர்களோடு கூடப்போன ஆட்களும் அந்த வழியில் போனார்கள். அந்தப் பயத்தை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2012இல் இத்தாலிக் கரையில் ஓர் உல்லாசக் கப்பல் கவிழ்ந்து 32 பேர் செத்த பிறகு, கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ எல்லாருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த நேரம் போய் நில்லுங்கள். மிதவை அங்கி எங்கே, எந்தப் படியால் இறங்குவது என்று கண்ணால் பாருங்கள். உங்களுக்கு அது உதவும்.

சரி. இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

இவ்வளவு நீளமான கடிதத்தில் அண்ணா என்ன சொல்கிறார் என்று இருக்கிறது. உங்களுக்கு மனம் கேட்கவில்லை என்று இருக்கிறது. ஊர்ச்சனம் சொல்லப் போவதுகூட இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. அவளுக்குப் போக விருப்பமா? அந்த மாதம் அவளுக்குச் சோதனை இருக்கிறதா? மாமாவின் மகளோடு ஓர் அறையில் இருக்க அவளுக்கு ஒத்துவருமா, ஒருவேளை தனக்கு அம்மாவோடு இருக்கவே விருப்பம் என்று சொல்வாளா? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. அவளிடம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லியே இருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் முடிவான பிறகு 'உடுப்பை அடுக்கு' என்று சொல்லப் போகிறீர்கள்.

என் ஐயா அப்படித்தான் சொன்னார். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு ஆனையிறவாலும் போக முடியாது, சங்குப்பிட்டியாலும் போக முடியாது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நடுவில் இருந்தது கிளாலி ஏரிதான், அதுவும் இரவில். 1993 தை 2ஆம் திகதி அந்த ஏரியைக் கடக்கப் போன சனம் கொல்லப்பட்டது. அதே வருடம் ஆடியில் ஐயா வட்டக்கச்சியில் இருந்து என்னைக் கூட்டிப்போக வந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்று உயர்தரம் எடுத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கக் கேட்டிருந்தார்கள், எனக்கு நிற்கத்தான் விருப்பம். ஐயா அதைக் கேட்கவில்லை. உடுப்பை அடுக்கினேன்.

கரையில் இருந்து முழங்கால் தண்ணியில் நடந்துபோய் ஏற வேண்டும். இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று முன்னுக்கு இழுக்க, பின்னால் கயிற்றில் நாலைந்து வள்ளம். வெளிச்சம் கிடையாது, பீடி பற்றவைக்கக் கூடாது. குழந்தை சிணுங்கினால் தாய் அதைத் தன் நெஞ்சோடு அமத்துவாள். ஏறி இருந்ததும் ஐயா தோளில் கிடந்த சால்வையை எடுத்தார். ஒரு தலைப்பை என் இடது மணிக்கட்டில் சுற்றி முடிந்தார். மற்றத் தலைப்பைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றி, பல்லால் பிடித்து இறுக்கினார். எனக்கு நேரே என்னோடு ரியூசன் படித்த ஒருத்தி இருந்தாள். சந்தைக்குக் கொண்டுபோகிற ஆட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வெட்கத்தில் அந்தக் கையை உடுப்புப் பைக்குக் கீழே ஒளித்தேன்.

நடு ஏரிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயாவுக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தெரியும். இரணைமடு வாய்க்காலில் ஆறு வயதில் இருந்து அண்ணன்மாரோடு குதித்தவள் நான். அது ஐயாவுக்குத் தெரியாமலும் இல்லை, வாய்க்காலில் இருந்து என்னை இழுத்தெடுத்துப் பூவரசங் கம்பால் அடித்தவரே அவர்தான். வள்ளம் கவிழ்ந்தால் நான் தப்பக்கூடும். அவரோடு கட்டுண்டு கிடந்தால் இரண்டு பேரும் போவோம். தெரிந்துகொண்டும் கட்டினார்.

கரைக்கு வந்தபோது முடிச்சு அவிழவில்லை. உப்புத்தண்ணியில் ஊறி இறுகிவிட்டது. அந்த இருட்டில் இரண்டு பேரும் கட்டோடேயே நடந்தோம். தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்த ஒரு ஆச்சி பாக்குவெட்டியால் வெட்டி விட்டா. புதுச் சால்வை. ஐயா வெட்டின துண்டை மடித்து மடியில் செருகினார். எனக்குப் பிளேன்ரீ ஒன்று வாங்கித் தந்தார். ஒன்றும் கதைக்கவில்லை.

ஐயாவில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை, தங்கச்சி. ஆனால் அந்தக் கட்டால் அவருடைய நெஞ்சு ஆறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஏறும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: 'ஐயா, எனக்கு நீந்தத் தெரியும். கவிழ்ந்தால் என்ர தோளைப் பிடியுங்கோ.'

உங்கள் மகளுக்கும் நீந்தத் தெரியும் என்றுதான் சொல்ல வருகிறேன். அந்தக் கப்பலில் ஆங்கில அறிவித்தலை வாசித்து எத்தனை மணிக்குத் திரும்பி ஏற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப் போவது யார்? துறைமுகத்தில் இறங்கின ஆட்கள் குறித்த நேரத்துக்கு வராவிட்டால் கப்பல் நிற்காது. பத்துப் பன்னிரண்டு தட்டு உள்ள கப்பலில் சாப்பாட்டு மண்டபத்துக்கு வழி கண்டுபிடிப்பது யார்? படிவத்தை நிரப்புவது யார்? பாஸ்போட்டுக்கு விரல் அடையாளம் வைக்கப் போவது அவள், கையெழுத்து வைக்கப் போவதும் அவள். பதினெட்டு முடிந்தவளுக்கு நீங்கள் அனுமதிக் கடிதம் எழுதத் தேவையில்லை.

எங்கள் ஊரில் இது எங்கே இருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். பிள்ளை வளர்ந்துவிடக் கூடாது என்று தாய்மார் நேர்த்தி வைத்த காலம் ஒன்று இருந்தது. பதினேழு, பதினெட்டு என்று வயது ஏறினால் இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பங்கருக்குள் ஒளித்து வைத்தோம். அவசரம் அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தோம். வயதைக் குறைத்துச் சொன்னோம். நானும் என் தங்கையின் மகளுக்கு அப்படி ஒரு பொய் சொன்னவள்தான், அதற்காக வருந்தவில்லை. பேந்து மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கையை விட்டால் பிள்ளை இல்லை என்ற நிலை. உங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அந்த நாலு வயதுக் கையைத்தான் நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கடிதத்தை வாசிக்கும்போதே எனக்கு விளங்கியது. விடுதிக்கு விடாதது அதனால்தான். தினமும் இவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைகிறாளே, அந்தக் களைப்பு யாருடையது?

உடனே தனி அறை கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை நான் தீர்மானித்தால் அதுவும் இன்னொருவர் அவளுக்காகத் தீர்மானிப்பதுதான். அமெரிக்கத் துறைமுகங்களில் இருந்து புறப்படும் பல கப்பல்களில் அறைக்கு ஓர் ஆளாவது 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், குடிவகைக்கும் அதே வயதுதான். ஆசியாவில் புறப்படும் பலவற்றில் 18. உங்கள் கப்பலின் விதியை அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குடியைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் அந்தப் பயம் உங்கள் மனதில் இருக்கும். அதையும் அவளிடமே மறைக்காமல் கேளுங்கள். விலை, அறை, துறைமுகம், விசா எல்லாவற்றையும் போனில் அவளுக்கு முன்னால் திறந்து வைத்து, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவள் 'எனக்கு வர விருப்பமில்லை, சோதனைக்குப் படிக்க வேண்டும்' என்று சொன்னால், அதையும் பதிலாக எடுக்க வேண்டும். அழக்கூடாது. 'மாமா காசு கட்டுகிறார், நீ இப்படிச் சொல்கிறாய்' என்று தொடங்கக்கூடாது.

முற்பணம் வெள்ளிக்கிழமைக்குள் என்றீர்கள். இன்று செவ்வாய். ஐந்தரை பஸ்ஸில் வந்து இறங்குவாள் அல்லவா? முகம் கழுவிவிட்டு வரட்டும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அண்ணாவுக்குப் பதிலை அவளையே எழுத விடுங்கள்.

அன்புடன்,
அக்கா