ஆயிரம் ஷில்லிங்கும் ஒரு சம்பூசா டப்பாவும் – வாசகர் கடிதம்

அண்ணா வணக்கம்,

நாங்க நைரோபி வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. பார்க்லாண்ட்ஸ்ல வீடு, அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கம்பெனில வேலை, நான் வீட்லதான். இங்க சோமாலிங்க அதிகம் இருக்கற ஈஸ்ட்லீ கடைவீதி பத்தி நீங்க முன்னாடி எழுதுனத படிச்சுட்டு தைரியம் வந்து மாசம் ரெண்டு தடவ அங்க போய் துணி எடுப்பேன். ஒரு கட்டடத்து மாடிப்படிக்குக் கீழ ஒரு சோமாலி அம்மா பிளாஸ்க்ல டீயும் சம்பூசாவும் (நம்ம சமோசாதான்) விப்பாங்க, போனா அவங்ககிட்டதான் டீ. அவங்க பையன ஃபீஸ் கட்டலன்னு ஸ்கூல்லேர்ந்து அனுப்பிட்டாங்கன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னதும் மனசு கேக்கல, ஆயிரம் ஷில்லிங் அவங்க கையில திணிச்சுட்டு வந்துட்டேன். அடுத்த தடவ போனப்போ டீக்கு காசே வாங்கல. ஒரு பெரிய டப்பா நிறைய சம்பூசாவும் அல்வா மாதிரி ஒண்ணும் போட்டு குடுத்துட்டாங்க, வேண்டாம்னா முகம் மாறிடுச்சு. சம்பூசா கறி வச்சது, நாங்க சைவம், கீழ் வீட்டுக்கு குடுத்துட்டேன். டப்பா இன்னும் என் கிச்சன்லதான் இருக்கு, மூணு வாரமா நான் அந்தப் பக்கமே போகல.

நான் அவங்கள கேவலப்படுத்திட்டேனா? எங்க வீட்டுக்காரர் இதெல்லாம் நமக்கெதுக்கு, நாமளே வொர்க் பர்மிட்ல இருக்கோம், ஏதாவது போலீஸ் கேஸ்ல மாட்டப்போறன்னு திட்றார். பெரிய தொண்டெல்லாம் என்னால ஆகாது. சின்னதா என்ன பண்ணலாம், சொல்லுங்க.

ஆர்., நைரோபி

—

ஆர்.,

மொதல்ல ஒரு எச்சரிக்கை, சின்னதா ஏதாவது பண்ணனும்னு அங்க யார்கிட்டயும் ஸ்வாஹிலில சொல்லிடாதீங்க, ‘கிட்டு கிடோகோ’ன்னா நேர் அர்த்தம் சின்ன விஷயம்தான் ஆனா ஊர் அர்த்தம் லஞ்சம். அந்த ஊர்ல அகதிகள் வாழ்க்கைல அதிகம் கேட்ட வார்த்தையும் அதுவாத்தான் இருக்கும்.

கேவலப்படுத்தல. அவங்க உங்கள கணக்குல சேத்துட்டாங்க, அவ்ளோதான் விஷயம். நீங்க குடுத்தது தர்மமா போகாம இருக்கணும்னு அவங்க பதிலுக்கு ஒண்ணு குடுத்துருக்காங்க. நம்ம ஊர்ல மொய் எழுதற நோட்டு இருக்குல்ல, யார் எவ்ளோ செஞ்சான்னு பாத்து அவங்க வீட்டு விசேஷத்துக்கு திருப்பி செய்யறது, அந்த மாதிரி அவங்க மனசுல ஒரு நோட்டு. அதுல உங்க பேர் ஏறியாச்சு, நீங்க என்னடான்னா மூணு வாரமா அந்தப் பக்கமே போகாம ஒளிஞ்சுகிட்டு இருக்கீங்க.

நான் அங்க இருந்தது 2011லேர்ந்து 2017 வரைக்கும், ஒரு துணி இறக்குமதிக்காரருக்கு கணக்கு பாத்துகிட்டு. சனிக்கிழமை சனிக்கிழமை ஈஸ்ட்லீ. சோமாலிங்க அத ‘இஸ்லி’ம்பாங்க. சுதந்திரத்துக்கு முன்னாடி அந்த ஏரியால நெறைய நம்ம இந்தியாக்காரங்க இருந்தாங்க, 1963க்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணி உங்க பார்க்லாண்ட்ஸ் பக்கம்லாம் போனாங்க. 1991ல சோமாலியா தலைநகர் மொகதிஷுல சர்வாதிகாரி சியாத் பர்ரே ஆட்சி கவுந்து சனம் எல்லைய தாண்டி ஓடிவந்தப்போ கேம்ப் போட்டது கென்யா எல்லைப் பக்கம் டடாப்ல, 90,000 பேருக்குன்னு போட்ட எடம், 2011 பஞ்சத்துல 4 லட்சத்துக்கு மேல போயிடுச்சு. கேம்ப்ல உக்காந்து ரேஷன் வாங்க முடியாதுன்னு நைரோபிக்கு வந்தவங்க ஈஸ்ட்லீல தங்கினாங்க. கரிஸா லாட்ஜ்னு ஒரு தங்கும் விடுதி, ரூம்ல தங்கினவங்க பகல்ல கட்டிலுக்கு மேல துணிய விரிச்சு வித்து வித்து கடைசில லாட்ஜே கடைவீதியாயிடுச்சு, இன்னிக்கு நீங்க பாக்குற மால் எல்லாத்துக்கும் அதுதான் பாட்டன்.

இத எதுக்கு சொல்றேன்னா, நிவாரணப் பணம் கட்டின ஊர் இல்ல அது. இன்னொண்ணும் மனசுல வச்சுக்கோங்க, அங்க இருக்கற சோமாலி எல்லாரும் அகதி இல்ல, கரிஸா, வஜீர், மண்டேரா பக்கத்துலேர்ந்து வந்த கென்யா குடிமக்களே ஏகப்பட்ட பேர், அவங்ககிட்ட போய் நீங்க எப்ப தப்பிச்சு வந்தீங்கன்னு கேட்டா கடுப்பாயிடுவாங்க. அகதியா இருந்தாலும் கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க.

நான் பண்ண கூத்து ஒண்ணு சொல்றேன். 2014 ஏப்ரல்ல குண்டுவெடிப்புகளுக்கு அப்புறம் ‘உசலாமா வாட்ச்’னு பெரிய போலீஸ் ஆபரேஷன், உசலாமான்னா பாதுகாப்புன்னு அர்த்தம். சோமாலிங்கள ஆயிரக்கணக்குல பிடிச்சு கசரானி ஸ்டேடியத்துல வச்சாங்க, நூத்துக்கணக்கானவங்கள ஃப்ளைட்ல ஏத்தி மொகதிஷுக்கே அனுப்புனாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வசூல் பண்ணி மாவு, எண்ணெய், சக்கரை எல்லாம் வேன்ல ஏத்திகிட்டு போனோம், போனவன் சும்மா இருக்காம கணக்கு காட்டணுமேன்னு குடுக்க குடுக்க போட்டோ எடுத்தேன். நாலாவது வீட்லேர்ந்து கதவே தொறக்கல. என்னோட போன் கேமராவுக்கும் செக்கிங்குக்கு வர்றவன் நோட்டுக்கும் அவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியல, தெரியறதுக்கு நியாயமும் இல்ல. மாவு மூட்டைய திருப்பி ஏத்தும்போது பட்ட அவமானம் இப்பவும் ஞாபகம் இருக்கு.

அதே மாசம் நான் எப்பவும் டீ குடிக்கற அம்மா, அவங்களும் உங்க ஆள மாதிரி பிளாஸ்க் கடைதான், மூணு வாரம் கடை போடல. எப்டி சமாளிச்சீங்கன்னு அப்புறமா கேட்டேன். ‘அயூட்டோ’ன்னாங்க. அது சீட்டுதான், ஏலம் கிடையாது, பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க சேந்து ஆளுக்கு இவ்ளோன்னு போட்டு வரிசைப்படி ஒருத்தர் மொத்தமா எடுக்கறது. (தெற்கு சோமாலியாவ இத்தாலிக்காரன் ஆண்டதால வந்த வார்த்தை, இத்தாலியன்ல உதவின்னு அர்த்தம்.) அவங்க முறை வர அஞ்சு மாசம் இருந்துது, மத்தவங்க வரிசைய மாத்தி முன்னாடியே குடுத்துட்டாங்க. யாருமே பெருசா இழக்கல, யாரும் யாருக்கும் தர்மம் பண்ணல, ரெண்டு பேரோட முறை தள்ளிப்போச்சு, வீட்டு வாடகை கட்டியாச்சு. நான் வேன் எடுத்துட்டுப் போய் பண்ண முடியாதத அவங்க ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துல முடிச்சுட்டாங்க.

ஆக காசு பொரட்டறதுக்கு அவங்களுக்கு நாம பாடம் எடுக்க வேண்டாம். அவங்ககிட்ட இல்லாதது, உங்ககிட்ட இருக்கறது என்னன்னு பாத்தா ரெண்டுதான். ஒண்ணு பாஸ்போர்ட்ல குத்தின பர்மிட். இன்னொண்ணு ஆபீஸ் கவுண்டர் முன்னாடி நின்னு இங்கிலீஷ்ல பேசறப்போ நடுங்காத குரல். இத கடன் குடுங்க.

எனக்கு இது புரிஞ்சது அந்த டீக்கடை அம்மாவோட பையன் விஷயத்துல. எட்டாவது பரீட்சைக்கு பேர் பதியணும். ஒருநாள் டீய குடுத்துட்டு ஒரு பிளாஸ்டிக் கவர என் முன்னாடி வச்சாங்க, உள்ள மூணு காகிதம், அகதிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஸ்கூல் ரிப்போர்ட். மூணுலயும் ஒரே பையன், மூணு பேரு! ஒண்ணுல மொஹமத், இன்னொண்ணுல மொஹமூத், அதுங்க ரெண்டும் அவங்களுக்கு வேற வேற பேரு. அப்பா பேர் அலின்றது ஒரு காகிதத்துல இங்கிலீஷ் ‘சி’ எழுத்துல ஆரம்பிக்குது. சோமாலி மொழிக்கு 1972லதான் ரோமன் எழுத்துன்னு முடிவாச்சு, அதுல ‘சி’ போட்டா தொண்டைக்குள்ளேர்ந்து வர்ற ஒரு அழுத்தம், ‘எக்ஸ்’ போட்டா அழுத்தமான ‘ஹ’. அது தெரியாத கிளார்க் அத ‘காலி’ன்னு படிப்பான், கேட்டு எழுதற இன்னொருத்தன் அலின்னு எழுதுவான். இதுக்கு மேல அவங்க வழக்கத்துல குடும்பப் பேரே கிடையாது, தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர், கல்யாணம் ஆனாலும் பொண்ணு பேர மாத்தறதில்ல, அதனால அம்மாவோட கடைசிப் பேரும் பையனோட கடைசிப் பேரும் சேராது, இது உன் புள்ளைதானான்னு கவுண்டர்ல கேப்பான்.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இனிஷியல விரிச்சு எழுதி அப்பா பேர சர்நேம் ஆக்கி ஏர்போர்ட்ல என்னைய எங்கப்பா பேர் சொல்லி கூப்புட்டு, ஒரு தமிழனுக்கு இதுக்கு மேல ட்ரெயினிங் வேணுமா என்ன. ஒரு வெள்ளைத் தாள எடுத்து மூணு காகிதத்துலயும் இருக்கறத அப்டியே எழுத்து எழுத்தா காப்பி பண்ணி, எது எப்ப யார் குடுத்ததுன்னு பக்கத்துல போட்டு, அகதிப் பதிவுல இருக்கற ஸ்பெல்லிங்கதான் எல்லா எடத்துலயும் பிடிச்சுக்கணும்னு சொல்லி, ரெண்டு நாள் காலைல அவங்களோட ஸ்கூலுக்குப் போய் பெஞ்சுல உக்காந்தேன். முதல் நாள் ஹெட்மாஸ்டர் பாக்கவே இல்ல. ரெண்டாவது நாள் பத்து நிமிஷத்துல மாத்திக் குடுத்துட்டார், எனக்கு பேசக்கூட வாய்ப்பு வரல, சும்மா ஒரு ‘முஹிந்தி’ (ஸ்வாஹிலில இந்தியாக்காரன்) பேனாவோட உக்காந்திருந்ததே போதுமா இருந்துது. இது நியாயம் இல்லதான், ஆனா அப்டித்தான் இருந்துது. செலவு மட்டாட்டு (அந்த ஊர் மினி பஸ்) காசு, ரெண்டு அரை நாள் லீவு.

அதுக்கப்புறம் அந்தப் பையன் என்னைய ‘அப்தி’ன்னு கூப்புட ஆரம்பிச்சான். அப்தின்னா தாய்மாமன். சித்தப்பாவுக்கு ‘அதேர்’னு வேற வார்த்தை வச்சிருக்காங்க, இங்கிலீஷ்காரன மாதிரி எல்லாத்தையும் அங்கிள்ல தள்றதில்ல. சித்திக்கு ‘ஹபர்யர்’, ‘யர்’னா சின்ன, நம்ம சின்னம்மாவேதான். கடைல பொண்ணுங்க உங்கள ‘அபாயோ’ன்னு கூப்புட்டா பயப்படாதீங்க, அபாயம் எதுவும் இல்ல, அக்கான்னு அர்த்தம்.

உங்க வீட்டுக்காரர் பயமும் சும்மா இல்ல, பர்மிட்ல இருக்கற எவனுக்கும் இருக்கறதுதான். நகரத்துல இருக்கற அகதிகள் எல்லாம் கேம்ப்புக்கு போகணும்னு 2012 டிசம்பர்ல அரசாங்கம் உத்தரவு போட்டுது, கிட்டுவோ ச்சா ஷெரியான்ற சட்ட உதவி அமைப்பு கேஸ் போட்டு 2013 ஜூலைல ஹைகோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, அப்டியும் 2014ல மறுபடி உத்தரவு வந்துது. அப்புறம் 2021ல புது அகதிகள் சட்டம். காத்து எப்ப எந்தப் பக்கம் அடிக்கும்னு சொல்ல முடியாத எடம்தான். ஆனா டீ குடிக்கறதும் ஃபார்ம் நிரப்பறதும் ஸ்கூலுக்கு கூட நடக்கறதும் எந்த சட்டத்துலயும் குத்தம் இல்லன்னு சொல்லுங்க. கூடாதது எதுன்னா, உங்க பேர்ல சிம் வாங்கித் தர்றது, போன்ல காசு அனுப்பற எம்-பெசா கணக்க இரவல் குடுக்கறது, வாடகை அக்ரிமெண்ட்ல கையெழுத்து, இதுல எதுலயும் எறங்காதீங்க. யாரையாவது பிடிச்சுட்டாங்கன்னா நீங்க போய் காசு குடுத்து மீட்கப் பாக்காதீங்க, நான் சொன்ன மாதிரி வக்கீல் வச்சிருக்கற அமைப்புகளுக்கு போன் பண்ணுங்க. அப்புறம் கனடா போறது, அமெரிக்கா போறது பத்தி வாயே தொறக்காதீங்க, நான் விசாரிச்சுப் பாக்கறேன்னு நீங்க மரியாதைக்கு சொல்றத ஒரு குடும்பமே நம்பி பல வருஷம் காத்திருக்கும்.

பையன் ஃபீஸ் விஷயம், மறுபடி கையில காசு திணிக்காதீங்க. உங்களுக்கு வாரத்துல ரெண்டு மத்தியானம் ஓய்வுன்னா பையனுக்கு கணக்கு சொல்லித் தரேன்னு கேட்டுப் பாருங்க, ஆனா பதிலுக்கு அவங்க ஏதாவது குடுத்தா வாங்கிக்கணும். அவங்க தோசை ஊத்த சொல்லித் தரட்டும்! விளையாட்டுக்கு சொல்லல, ‘அஞ்சேரோ’ன்னு காலைல சாப்புடுவாங்க, ராத்திரி மாவ புளிக்க வச்சு காலைல கல்லுல நடுவுலேர்ந்து சுத்திச் சுத்தி ஊத்தி, திருப்பிப் போடாம ஒரு பக்கம் மட்டும் வேக விட்டு எடுக்கறது, நம்ம ஆப்பத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. நெய்யும் சக்கரையும் தொட்டு சாப்புட்டா உங்க வீட்டுக்காரர் சைலண்ட் ஆயிடுவார்.

அப்புறம் அந்த அம்மாகிட்ட நீங்க சைவம்னு சொல்லிடுங்க. சொல்லாம மறைச்சு கீழ் வீட்டுக்கு குடுத்துகிட்டே இருந்தீங்கன்னா, ஒருநாள் சம்பூசா எப்டி இருந்துதுன்னு கேப்பாங்க, நீங்க பொய் சொல்லணும். சொன்னா கொஞ்ச நேரம் நம்ப மாட்டாங்க, ஒட்டகக் கறி கூடவா சாப்புட மாட்டீங்கன்னு கேப்பாங்க, அப்புறம் உருளைக்கிழங்கோ பருப்போ வச்சு தனியா பண்ணித் தருவாங்க, எனக்கு நடந்திருக்கு.

இப்ப டப்பா. நம்ம வீடுகள்ல அடுத்த வீட்டு பாத்திரத்த வெறுமனே திருப்பித் தர மாட்டோம்ல, ஒண்ணும் இல்லன்னா ரெண்டு கரண்டி சக்கரையாவது போட்டுத்தான் குடுப்பாங்க எங்கம்மா. அவங்க அல்வா குடுத்திருக்காங்க, அதுக்கு ‘ஹல்வோ’ன்னுதான் பேரே, ஏலக்காய் வாசன வந்திருக்குமே. அதனால அல்வாவுக்கு அல்வா வேண்டாம், போட்டி மாதிரி ஆயிடும். முறுக்கு போடுங்க, இல்ல ரவா லட்டு. மூடிய நல்லா இறுக்கி ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கோங்க, 9ஆம் நம்பர் மட்டாட்டுல அடிக்கற பிரேக்குக்கு லட்டு போய் சேர்றப்போ ரவையா போய் சேரும், நான் பாத்திருக்கேன்.